வேன் கட்டத்தில் பூஜ்யம்

அக்டோபர் 9, இரவு

மாமா,

இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதீர்கள். படித்து முடித்ததும் கிழித்துவிடுங்கள். கிழித்ததையும் ஒரே இடத்தில் போடாதீர்கள். அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. அப்பா உங்கள் நம்பரை அம்மாவின் போனிலிருந்தும் அழித்தபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். நீங்கள் பேச வழியில்லை என்று தெரியும். இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

உங்கள் விலாசம் எனக்குத் தெரியாது. நேற்று வேன் ஸ்டாண்டில் நெட்டை டிரைவர் அண்ணனிடம் கேட்டேன். "உன் மாமனுக்கா? குடு, நாலு வண்டி மாறினா போய்ச் சேர்ந்துரும். உங்கப்பாகிட்ட மட்டும் என்னை மாட்டிவிட்றாத தாயி" என்றார். அதனால் உறையைப் பசை போட்டு ஒட்டி, மேலே டேப்பும் ஒட்டப்போகிறேன். எல்லோரும் தூங்கிவிட்டார்கள். மேசை விளக்கின் மேல் துண்டைப் போட்டிருக்கிறேன். துண்டு சூடாகிறது. சீக்கிரம் எழுத வேண்டும்.

போன மாதம் அப்பா உங்களைக் கூடத்தில் நிற்கவைத்து, திட்ட அலுவலகம் அனுப்பிய நோட்டீஸை முகத்துக்கு நேராக ஆட்டினாரே, அப்போது நான் கதவுக்குப் பின்னால் இருந்தேன். "மூணு நாள் காலையில நம்ம வண்டி ஸ்டாப்புக்கே வரலையாம், இனிமே வண்டிக்கு இடமில்லைன்னு எழுதியிருக்கான். எங்கடா ஓட்டிட்டுப் போன? எவன் வீட்டு விசேஷத்துக்கு ட்ரிப் அடிச்ச?" என்று கேட்டார். நீங்கள் வாயைத் திறக்கவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கிப் போனீர்கள். அம்மா வாசல் வரை ஓடிவந்து திரும்பினாள்.

மாமா, அந்த மூன்று நாளும் நம் ஸ்டாப் இருக்கிற மூலையில் நின்று வண்டிகளை எண்ணியவள் நான்தான்.

வீட்டில் நூலகத் தெருவில் எண்ணுவதாகச் சொல்லியிருந்தேன். அது பொய். ஜூலையில் திட்ட அலுவலகத்திலிருந்து ஒரு மேடம் எங்கள் வகுப்புக்கு வந்தார். புது ரயில் ஸ்டேஷனைச் சுற்றிப் பத்து நிமிடம் நடக்கிற தூரத்துக்கு ஒரு வட்டம் போட்டிருக்கிறார்களாம். அந்த வட்டத்துக்குள் வீடு, கடை, ஆபீஸ் எல்லாம் மேலே மேலே கட்டுவார்களாம். கார் நிறுத்த இடமே இருக்காது. நடக்கிறவர்களுக்கும் சைக்கிளுக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் ஷேர் வேனுக்கும்தான் இடம். எந்த வேனில் எத்தனை பேர் வருகிறார்கள் என்று எண்ணிப் பார்த்துத்தான் ஸ்டேஷன் வாசலில் இடம் ஒதுக்குவார்கள். இடம் கிடைக்காத வேன் வட்டத்துக்குள்ளேயே வரக் கூடாது. இதையெல்லாம் அந்த மேடம் நன்றாகத்தான் விளக்கினார். நான் காதில் வாங்கவில்லை. எந்த மூலை எனக்கு வரும் என்றே பயந்துகொண்டிருந்தேன். நம் மூலையே வந்தது.

என்னோடு நின்றவள் என் வகுப்புக் கண்ணாடிக்காரி. அவள் நடக்கிறவர்களையும் சைக்கிள்களையும் எண்ண வேண்டும். நான் ஷேர் ஆட்டோவும் வேனும்.

இப்போது எழுதப்போவதை எழுத எனக்குக் கை வரவில்லை. இந்தப் பள்ளியில் சேர்ந்ததிலிருந்து, என் அப்பா வேன் ஓட்டுகிறவர் என்பதை மறைத்து, ஸ்டேஷன் கட்டும் இடத்தில் இன்ஜினியர் என்று எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறேன். கண்ணாடிக்காரி ஒருநாள், "எஸ்கலேட்டர் எப்ப வரும்னு உங்கப்பாகிட்ட கேளேன்" என்றாள். மறுநாள் போய், "டிசம்பர்ல" என்று சொன்னேன். அவள் அதை டைரியில் எழுதிக்கொண்டாள்.

நம் வண்டியின் முன் கண்ணாடியில் என் போட்டோ ஒட்டியிருக்கிறதே, ஐந்து வயதில் முன்பல் இரண்டும் இல்லாமல் சிரிக்கிறேனே, அது கண்ணாடிக்காரியின் கண்ணில் பட்டால் எல்லாம் முடிந்தது.

முதல் நாள் ஏழு இருபதுக்கு, உங்கள் வழக்கமான காலை ட்ரிப்பில், நீங்கள் வந்தீர்கள். ஹாரன் சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. நான் முதுகைத் திருப்பிக் குனிந்து ஷூ லேஸைக் கட்டினேன். கட்டியிருந்ததை அவிழ்த்துக் கட்டினேன். இறங்குகிறவர்களின் கால்கள் மட்டும் தெரிந்தன. நர்ஸ் அக்காவின் வெள்ளைச் செருப்பு. தையல் அக்கா ஒரு காலை முதலில் ஊன்றிப் பிறகு மற்றதை எடுத்துவைத்தார். பதினொரு பேர். நான் வேண்டுமென்று எண்ணவில்லை, அதுவாகவே மனதில் எண்ணிக்கொண்டது. வண்டி போன பிறகு நிமிர்ந்தேன். வேன் கட்டத்தில் பூஜ்யம் போட்டேன்.

அடுத்த இரண்டு நாளும் வண்டி வரவே இல்லை. நான் கடவுளுக்கு நன்றி சொன்னேன்.

அதனால் முதல் நாள் நீங்கள் வந்தீர்கள் என்று எனக்குத் தெரியும். மற்ற இரண்டு நாள் ஏன் வரவில்லை என்று தெரியாது. அப்பா சொல்கிறமாதிரி வேறு எங்காவது போனீர்களா? போயிருந்தால் சொல்லிவிடுங்கள் மாமா. எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருக்கும்.

சுண்டு


அக்டோபர் 13

சுண்டு,

கடிதம் வந்தது. கிழித்தாயிற்று. நாலு துண்டு, நாலு இடம்.

பதினொன்று இல்லை, பதினாலு. மூன்று பேர் என் பக்கக் கதவில் இறங்கினார்கள். குனிந்திருந்தவளுக்குத் தெரிந்திருக்காது.

மற்ற இரண்டு நாள் எங்கே போனேன் என்று உன் அப்பா கேட்டார். நீயும் கேட்டுவிட்டாய். அவருக்குச் சொல்லாத பதிலை உனக்கு மட்டும் ஏன் சொல்ல வேண்டும்? உனக்கு நிம்மதி வேண்டுமென்றால் போய்ப் படி. பரீட்சை வருகிறது.

மாமா


அக்டோபர் 15, இரவு

மாமா,

அப்படிக் கேட்டது தப்பு. அந்தக் கடைசி வரியை எழுதும்போதே தப்பு என்று தெரிந்தது. தெரிந்தும் அடிக்கவில்லை. உங்கள் மேலும் கொஞ்சம் தப்பு இருந்தால், என் தப்பு பாதியாகிவிடும் என்று நினைத்தேன். அவ்வளவுதான். அடுத்த முறை திட்டுவதானால் நீளமாகத் திட்டுங்கள். இத்தனை சின்னக் கடிதமாக எழுதாதீர்கள்.

இங்கே நடப்பதைச் சொல்கிறேன். வண்டி வாசலிலேயே நிற்கிறது. பின் டயரில் காற்று இறங்கிவிட்டது. நம் வண்டியில் வந்துகொண்டிருந்த மேட்டுக் குடியிருப்பு ஆட்கள் எல்லோரும் நடந்துதான் வருகிறார்கள். நர்ஸ் அக்கா ஆறு மணிக்கே கிளம்பிவிடுகிறார். தையல் அக்கா கடைக்கு வருவதையே விட்டுவிட்டாராம். வீட்டிலேயே தைக்கிறார், ஆனால் அத்தனை மேடு ஏறித் துணி கொடுக்க யார் போவார்கள்? அவர்கள் ஐந்தாறு பேர் திட்ட அலுவலகத்துக்குப் போய்ச் சத்தம் போட்டார்களாம். அங்கே ஒரு தாளை எடுத்துக் காட்டி, "எண்ணிக்கை இருக்கேம்மா, நாங்க என்ன பண்ண?" என்று அனுப்பிவிட்டார்கள். அது என் கையெழுத்துள்ள தாள்.

இன்னொன்று. போன வாரம் காலைக் கூட்டத்தில் எங்களுக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். 'நகரின் நாளைய பயணத்துக்குத் துணை நின்ற மாணவி' என்று அச்சடித்து, என் பெயரைக் கையால் எழுதியிருக்கிறார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். புவியியல் டீச்சர், "ரொம்பப் பொறுப்பா எண்ணினவ" என்று என் தோளைத் தட்டினார். அதை நான்காக மடித்து மெத்தைக்கு அடியில் வைத்திருக்கிறேன். படுக்கும்போதெல்லாம் முதுகில் உறுத்துகிறது. மெத்தை தடிமன்தான், உறுத்த வழியே இல்லை. ஆனாலும் உறுத்துகிறது.

அப்பா வேலைக்குப் போகிறார். நான் சொன்ன பொய்யில் பாதி உண்மையாகிவிட்டது மாமா. ஸ்டேஷன் கட்டும் இடத்தில்தான் வேலை. வாசலில் லாரி உள்ளே வரும்போதும் வெளியே போகும்போதும் சிவப்புக் கொடி, பச்சைக் கொடி காட்டுகிறார். ராத்திரி பத்து மணிக்கு வந்து, அம்மா மூடிவைத்ததைச் சாப்பிடுகிறார். உங்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அம்மா ஒருநாள் மறந்துபோய் உங்களுக்கும் சேர்த்துத் தட்டு எடுத்துவைத்தாள். அப்பா அதைப் பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

சுண்டு


அக்டோபர் 19

சுண்டு,

திட்டச் சொன்னாய். வண்டிக்குள் உட்கார்ந்து மூன்று தரம் எழுதிப் பார்த்தேன். திட்டு வரவில்லை. வேறு ஏதோ வருகிறது. அதையே எழுதுகிறேன்.

இங்கே நான் ஓட்டுவதும் ஷேர் வேன்தான். ஆனால் ஸ்டாப் கிடையாது, ரூட் கிடையாது. யார் போனில் கூப்பிடுகிறார்களோ அவர்கள் வாசலுக்குப் போக வேண்டும். போகிற வழியில் இன்னொருவர் கூப்பிட்டால் அவரையும் ஏற்ற வேண்டும். எந்தத் தெருவில் திரும்ப வேண்டும் என்று போனுக்குள்ளிருந்து ஒரு பெண் சொல்கிறாள். "இடது பக்கம் திரும்பவும். இடது பக்கம் திரும்பவும்." என் அக்காவே என்னை இவ்வளவு அதட்டியதில்லை. சக்கர நாற்காலியில் வரும் ஒரு பெரியவரை வாசலிலேயே ஏற்றி வாசலிலேயே இறக்குகிறேன். அது நல்ல விஷயம்தான். ஆனால் வண்டிக்குள் எட்டுப் பேர் இருந்தாலும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்ப்பதில்லை. நம் வண்டியில் தையல் அக்காவும் நர்ஸும் போடுகிற சண்டைக்கு ரேடியோவே தேவையில்லை. இங்கே ரேடியோ போட்டாலும் புகார் எழுதுகிறார்கள்.

சரி, சுற்றி வளைக்கிறேன். விஷயத்துக்கு வருகிறேன்.

அன்றைக்கு நீ முதுகைத் திருப்பினாயே, அதை நான் பார்த்தேன். உன்னை மூலையில் கண்டதும் "ஏய் சுண்டு!" என்று கத்த வாயெடுத்தேன். நீ ஹாரனைக் கேட்டாய், யார் என்று பார்த்தாய், பிறகு குனிந்தாய். பக்கத்தில் ஒரு கண்ணாடி போட்ட பெண். எனக்குப் புரிய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. வாயை மூடிக்கொண்டு ஆட்களை இறக்கிவிட்டுப் போனேன்.

மறுநாள் மூலைக்கு வரவில்லை. முன்னாலேயே, டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் நிறுத்திவிட்டேன். "ஏம்ப்பா, இங்க எதுக்கு இறக்குற? என் முட்டியப் பாத்தா பாவமா இல்லையா?" என்று தையல் அக்கா பிடித்துக்கொண்டார். "ஸ்டாப்பை மாத்திட்டாங்கக்கா" என்று பொய் சொன்னேன். எல்லோரும் பின்சந்து வழியாக நடந்து போனார்கள். மூன்றாம் நாளும் அப்படித்தான். நீங்கள் இரண்டு பேரும் வண்டியை எண்ணத்தான் நிற்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. ஏதோ பள்ளிக்கூட விளையாட்டு என்று நினைத்தேன்.

உனக்கு உதவி செய்யத்தான் அப்படிச் செய்தேன் என்று சொன்னால் அது பாதிப் பொய். மீதிப் பாதி ரோஷம். நான் தூக்கி வளர்த்த பிள்ளை என் வண்டியைப் பார்த்து முகத்தைத் திருப்பினால், அந்த முகத்துக்கு எதிரில் போய் நிற்பேனா என்று ஒரு வீம்பு. அந்த வீம்புக்காக ஒரு முட்டி வலிக்காரியை இரண்டு நாள் நடக்கவிட்டேன். இப்போது அவர் தினமும் நடக்க முடியாமல் வீட்டோடு கிடக்கிறார். நீ ஒரு பூஜ்யம் போட்டாய். மற்ற இரண்டு பூஜ்யம் நான் போட்டது.

உன் அப்பா கேட்டபோது நான் ஏன் வாயைத் திறக்கவில்லை தெரியுமா? திறந்திருந்தால் அரை வரி போதும். "உன் பொண்ணு நம்ம வண்டியப் பாத்து வெக்கப்பட்டா." அதைக் கேட்டுவிட்டு அந்த மனிதர் மறுநாள் ஸ்டியரிங்கைப் பிடிப்பாரா? அந்தப் போட்டோவை ஒட்டிய அன்றைக்கு எத்தனை தரம் இறங்கி இறங்கித் தூரத்திலிருந்து பார்த்தார், உனக்கு ஞாபகம் இருக்காது. எனக்கு இருக்கிறது. என்னைத் திருடன் என்று நினைத்துக்கொள்ளட்டும், அது ஆறிவிடும். இது ஆறாது.

ஆகவே நீயும் வாயைத் திறக்காதே. இந்தக் கடிதத்தையும் நாலாகக் கிழி.

மாமா


அக்டோபர் 21, இரவு

மாமா,

அவருக்குத் தெரிந்துவிட்டது.

நான் சொல்லவில்லை. நேற்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன். எண்ணியதற்குப் பரிசாக எங்கள் வகுப்பைப் புது ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார்கள். காலையில் டீச்சர் சொன்னதும் வயிற்று வலி என்றேன். "பேரு வாங்கின பொண்ணே வரலைன்னா எப்படி?" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். அப்பாவுக்குப் பின்வாசலில் வேலை இருக்கும், நாங்கள் முன்வாசல் வழியாகப் போவோம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

முன்வாசலில்தான் நின்றிருந்தார். சட்டைக்கு மேல் ஆரஞ்சு நிறக் கோட்டு, தலையில் மஞ்சள் தொப்பி, கையில் இரண்டு கொடி. தொப்பி பெரிது, காதில் வந்து நிற்கிறது. நாங்கள் சாலையைக் கடக்க வரிசையாக நின்றோம். அவர் பத்தடி தூரத்தில். கண்ணாடிக்காரிக்கு என்றைக்கும் பெரிய குரல். "இங்கதானடி உங்கப்பா இன்ஜினியர்? கூப்பிடேன், லிஃப்ட்ல போலாம்!" என்றாள்.

அப்பாவுக்குக் கேட்டது. கேட்டுத் திரும்பினார். என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். குனிவதற்கு இந்த முறை எனக்கு உடம்பு வரவில்லை. அப்பா என்று கூப்பிடவும் வாய் வரவில்லை.

ஒரு லாரி வந்தது. அப்பா சிவப்புக் கொடியைக் காட்டி அதை நிறுத்திவிட்டு, எங்களைப் பார்த்துப் பச்சைக் கொடியை ஆட்டினார். நான் அவரைத் தாண்டும்போது, "பாத்துப் போங்கம்மா" என்றார். யாரோ ஒரு வீட்டுப் பிள்ளையிடம் சொல்வதுபோல. என் முகத்தைப் பார்க்காமல், லாரியைப் பார்த்துக்கொண்டு.

மாமா, அப்பா எனக்காக என்னைத் தெரியாதவர்போல நடித்தார்.

உள்ளே எதையும் நான் பார்க்கவில்லை. சுவரில் பெரிய வரைபடம் மாட்டியிருந்தது. நடுவில் ஸ்டேஷன், சுற்றிலும் வட்டம், வட்டத்துக்குள் எங்கிருந்தெல்லாமோ வண்ண வண்ணக் கோடுகள் வருகின்றன. ஒவ்வொரு கோடும் ஒரு வேன் அல்லது ஒரு ஷேர் ஆட்டோ. மேட்டுக் குடியிருப்புப் பக்கம் வெறும் வெள்ளை. அங்கே ஆட்களே இல்லாததுபோல. ஜூலையில் வந்த அதே மேடம்தான் விளக்கினார். எல்லோரும் நகர்ந்த பிறகு, "எண்ணினது தப்பா இருந்தா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. "நிறுத்தின வண்டியையும் ஓடவிட்டுத் திரும்ப எண்ணுவோம். ஆனா எண்ணினவங்களே எழுதிக் குடுக்கணும். முப்பத்தொண்ணாம் தேதி சாயங்காலம் வரைக்கும்தான் டைம்" என்று ஒரு படிவத்தைக் கொடுத்தார். என்ன, ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அங்கேயே அழுதிருப்பேன்.

படிவத்தில் இரண்டு கையெழுத்து வேண்டும். எண்ணியவருடையது ஒன்று. எண்ணியவர் பதினெட்டு வயதுக்கு உட்பட்டவராக இருந்தால் தாய் அல்லது தந்தையுடையது ஒன்று.

ராத்திரி அப்பா வந்து சாப்பிட்டார். நான் தண்ணீர் வைத்தேன். "ஸ்டேஷன் நல்லா இருந்துச்சா?" என்று கேட்டார். இருந்தது என்றேன். "ஏசி இருக்குமே" என்றார். ஆமாம் என்றேன். அவ்வளவுதான்.

எது அவருக்குத் தெரியக் கூடாது என்று நீங்கள் வீட்டை விட்டுப் போனீர்களோ, அது அவருக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் உங்களைத் திருடன் என்றேதான் நினைத்துக்கொண்டிருக்கிறார். இரண்டையும் அவர் சேர்த்துப் பார்க்கவில்லை. நான் என்ன செய்ய?

சுண்டு


அக்டோபர் 24

சுண்டு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு வண்டியை ஓரம்கட்டினேன். போனுக்குள் இருக்கும் பெண், "நேராகச் செல்லவும், நேராகச் செல்லவும்" என்று கத்திக்கொண்டே இருந்தாள். பின்னால் இருந்த ஒருவர், "டிரைவர், உடம்பு சரியில்லையா?" என்றார். இந்த ஊரில் ஒருவர் என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை.

என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். ஒரு மனிதரைக் காப்பாற்றுவதாக நினைத்து ஓடிவந்தேன். அவர் தனியாக நின்று அதை வாங்கிக்கொண்டார். நான் பக்கத்திலாவது இருந்திருக்கலாம்.

இப்போது நீ என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறாய். யோசித்துத்தான் சொல்கிறேன். படிவத்தை அக்காவிடம் கொடு. பள்ளிக்கூடப் படிவம் என்று சொல். அவள் படிக்காமலே போடுவாள், உன் ரேங்க் கார்டையே அப்படித்தான் போட்டாள். மேடம் திரும்ப எண்ணுவார்கள். வரைபடத்தில் கோடு வந்துவிடும். தையல் அக்கா கடைக்கு வருவார். அத்தான் டயருக்குக் காற்று அடித்துக்கொண்டு வண்டியை எடுப்பார். முதலில் என்ன நடந்தது என்று யாருக்கும் தெரிய வேண்டாம்.

ஸ்டேஷன் வாசலில் நடந்தது ஒன்று. அதை அவர் எப்படியாவது விழுங்கிவிடுவார். வண்டி நின்றதற்கும் நீதான் காரணம் என்று அதற்கு மேல் இன்னொன்றை அவர் தலையில் போடாதே.

என்னைப் பற்றிக் கவலைப்படாதே. இங்கே வேலை இருக்கிறது. எப்போதாவது அக்கா எப்படி இருக்கிறாள் என்று ஒரு வரி எழுது, போதும்.

நான் இப்படிச் சொல்வதில் எனக்குக் கொஞ்சம் பயமும் இருக்கிறது. திரும்பி வந்தால் அத்தான் என் முகத்தைப் பார்ப்பார். நான் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். இங்கே யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. இதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். நாம் இரண்டு பேரும் மறைத்தது போதும்.

மாமா


அக்டோபர் 29, இரவு

மாமா,

நீங்கள் சொன்னபடி செய்யத்தான் போனேன்.

நேற்று மாலை அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். படிவத்தை மூன்றாக மடித்து, கையெழுத்துப் போடும் இடம் மட்டும் தெரிகிறமாதிரி நீட்டினேன். "என்னடி இது?" என்றாள். "ஸ்கூல்ல கேட்டாங்க." "காசு கட்டணுமா?" "இல்லம்மா, சும்மா கையெழுத்து." பேனாவை வாங்கிக்கொண்டாள். தாளை வைக்க இடம் தேடி, மடித்து அடுக்கிய துணியை நகர்த்தினாள். அடியில் உங்கள் நீலக் கட்டம் போட்ட சட்டை இருந்தது. துவைத்து, இஸ்திரி போட்டு. நீங்கள் போய் ஒன்றரை மாதமாகிறது. அதை யாரும் போடவே இல்லை, எதற்குத் துவைத்தாள்? நான் சட்டையைப் பார்ப்பதை அவளும் பார்த்தாள். "தூசி படிஞ்சிருச்சு, அதான்" என்றாள், நான் ஒன்றும் கேட்காமலே.

பேனா தாளைத் தொடப்போனது. படிவத்தைப் பிடுங்கிக்கொண்டேன். "என்னடி, பைத்தியமா?" என்றாள். "தேதி தப்பா இருக்கும்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

அம்மா கையெழுத்தில் வண்டிக்கு இடம் கிடைக்கும். மேட்டுக் குடியிருப்புக்குக் கோடு கிடைக்கும். உங்களுக்கு ஒன்றும் கிடைக்காது. நீங்கள் திருடனாகவே அந்த ஊரில் இருப்பீர்கள், அம்மா யாரும் போடாத சட்டையைத் துவைத்துக்கொண்டே இருப்பாள், எனக்கு இன்னொரு சான்றிதழ்கூடக் கொடுப்பார்கள். நான் கெட்டவள்தான் மாமா, ஆனால் அவ்வளவு முடியவில்லை.

அதனால் இன்று ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதினேன். சுருக்கமாகத்தான். "அப்பா, மூலையில் நின்று எண்ணியது நான். வண்டி வந்தது. பதினாலு பேர் இறங்கினார்கள். கண்ணாடிக்காரி பார்த்துவிடுவாள் என்று நான் பூஜ்யம் போட்டேன். மாமா என்னைப் பார்த்துவிட்டார், அதனால்தான் மறுநாள் மூலைக்கு வராமல் தள்ளி நிறுத்தினார். அவர் எங்கேயும் ட்ரிப் போகவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் தாங்கமாட்டீர்கள் என்று சொல்லாமல் போய்விட்டார். வாசலில் நான் உங்களைக் கூப்பிட்டிருக்க வேண்டும்." கடைசி வரியை எழுதவும் அடிக்கவுமாகத் தாளே ஓட்டையாகிவிட்டது. பிறகு அப்படியே விட்டுவிட்டேன். கீழே கையெழுத்துப் போட்டேன். படிவத்தையும் சேர்த்து மடித்தேன்.

நேரில் கொடுக்கத் தைரியம் இல்லை. அப்பாவுக்கு மூடிவைத்த சாப்பாட்டுத் தட்டுக்கு அடியில் வைத்துவிட்டேன். ஓரம் கொஞ்சம் வெளியே தெரியும்.

பத்து மணிக்கு வந்தார். குழாயில் கை கால் கழுவினார். அம்மா தூங்கிவிட்டாள், பரிமாற யாரும் இல்லை. நாற்காலியை இழுத்தார். மூடியை எடுத்தார். அதுவரைக்கும் எல்லாச் சத்தமும் கேட்டது. பிறகு தாள் பிரிகிற சத்தம்.

மாமா, நான் அவர் சாப்பிட்டு முடித்த பிறகு வைத்திருக்கலாம். காலையிலிருந்து வெயிலில் நின்றவர். அது எனக்குத் தோன்றவே இல்லை. எப்படித் தோன்றாமல் போயிற்று? இப்போது கால் மணி நேரமாகிறது. தட்டில் கை படுகிற சத்தமே இல்லை. தண்ணீர் குடிக்கிற சத்தமும் இல்லை. ஒருதரம் மூக்கை உறிஞ்சினார், அல்லது அது நாற்காலிச் சத்தமாக இருக்கலாம். விளக்கின் மேல் நான் இன்று துண்டு போடவில்லை. கதவுக்கு அடியில் வெளிச்சம் தெரியும். நான் விழித்திருப்பது அவருக்குத் தெரியும்.

நாளை முப்பது. அவர் கையெழுத்துப் போட்டால் காலையிலேயே கொண்டுபோய்க் கொடுப்பேன். போடாவிட்டால், அந்த மேடத்திடம் போய் என் கையெழுத்தை மட்டும் வைத்து எண்ணச் சொல்லிக் கேட்பேன். வகுப்பிலும் நானே சொல்லிவிடுவேன். கண்ணாடிக்காரி என்ன சொல்வாள் என்று தெரியவில்லை. அவள் டைரியில் டிசம்பர் என்று எழுதியதை

நாற்காலியை நகர்த்துகிறார்.

நடந்து வருகிறார். அப்பா என் அறைக் கதவைத் தட்டியதே இல்லை மாமா. "சுண்டு" என்று கூப்பிட்டுக்கொண்டே தள்ளித் திறந்து வந்துவிடுவார், எத்தனையோ தடவை அதற்காக நான் சண்டை போட்டிருக்கிறேன். கதவுக்கு வெளியே வந்து நிற்கிறார். அவர் கால் நிழல் தெரிகிறது. கூப்பிடவில்லை. உள்ளே வரலாமா என்று அவருக்கே தெரியவில்லைபோல

தட்டுகிறார்